கோட்டுக்கு வெளியே நிற்பவர்களின் வாக்கு

(ஊவா தோட்டப் பகுதி விளையாட்டுக் கழகப் பொறுப்பாளர்கள் பதுளையில் கூடியபோது நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கழகமும் ரசிகர்களும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். அது பெரிய தலைப்பு. அதில் ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு கழகம் எந்த லீக்கில் சேர வேண்டும், எதிலிருந்து விலக வேண்டும், தான் ஆடுகிற லீக்கில் யாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் முடிவெடுக்கும்போது, கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறானே, அந்த மனிதனுக்கு அதில் என்ன பங்கு?

இது சீமைப் பிரச்சினை, லயத்தில் இருக்கிற நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். சீமைக்குப் போய்விட்டு, இந்தியா வழியாக வந்து, கடைசியில் நம் பிரட்டுக்களத்தில்தான் இறங்கப்போகிறேன்.

முதலில் ஸ்கொட்லாந்து. தம்பேதென்னையில் 1890இல் தேயிலை ஃபெக்டரி கட்டிய தோமஸ் லிப்டனை இந்த மாகாணத்தில் தெரியாதவர் இல்லை. அவர் பிறந்த ஊர் கிளாஸ்கோ. அதே ஊரின் பெரிய கழகங்களில் ஒன்று ரேஞ்சர்ஸ். 2012 பெப்ரவரியில் அந்தக் கழகம் கடனில் மூழ்கியது. வரித் திணைக்களம் சமரசத்துக்கு இணங்கவில்லை. ஜூன் மாதம் பழைய கம்பெனியைக் கலைத்துவிடுவது என்றாகிவிட்டது. வேறொரு குழு புதிய கம்பெனியைப் பதிந்து, மைதானத்தையும் பெயரையும் சொத்துகளையும் விலைக்கு வாங்கியது. பிறகு, "பழைய இடத்திலேயே, மேல்நிலை லீக்கிலேயே எங்களை ஆட விடுங்கள்" என்று மனுப் போட்டது.

அந்த லீக்கில் மொத்தம் 12 கழகங்கள். ரேஞ்சர்ஸை உள்ளே விடுவதா இல்லையா என்று அவைதான் வாக்களிக்க வேண்டும். பணக் கணக்கை மட்டும் பார்த்தால் விடை சுலபம். ரேஞ்சர்ஸ் ஆடினால்தான் தொலைக்காட்சிக்காரன் நிறையக் கொடுப்பான். ரேஞ்சர்ஸ் வந்தால்தான் சின்னக் கழகத்தின் மைதானமும் நிறையும். ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைமை நிர்வாகியே, ரேஞ்சர்ஸ் இல்லாவிட்டால் ஆட்டமே சீரழிந்துவிடும் என்ற தோரணையில் எச்சரித்தார்.

மற்றக் கழகங்களின் ரசிகர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். கடனைக் கட்டாத கழகம் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு அதே கதிரையில் வந்து உட்கார்ந்தால், கடன் வாங்காமல் கஷ்டப்பட்டு ஆடிய நாங்கள் யார் என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. உள்ளே விட்டால் அடுத்த பருவத்துக்கு சீசன் டிக்கெட் வாங்க மாட்டோம் என்று தங்கள் கழகங்களுக்கு எழுதினார்கள். ஹார்ட்ஸ், டண்டி யுனைடெட், அபர்டீன் என்று ஒவ்வொரு கழகமாக, வாக்கெடுப்புக்கு முன்பே தங்கள் முடிவை வெளியே சொல்லிவிட்டன. 2012 ஜூலை 4ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. எதிராக 10. கில்மார்னொக் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. ஆதரவாக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அது ரேஞ்சர்ஸே தனக்குப் போட்டுக்கொண்டது!

ஒன்பது நாள் கழித்துக் கீழ்நிலை லீக்கின் 30 கழகங்கள் கூடின. ஒரு படி மட்டும் இறக்கி, அவர்களுடைய முதலாம் பிரிவிலேயே ரேஞ்சர்ஸைச் சேர்த்துவிடுங்கள் என்று மேலே இருந்தவர்கள் நெருக்கடி கொடுத்தார்கள். 25 கழகங்கள் அதற்கு மசியவில்லை. அடிமட்டத்து மூன்றாம் பிரிவிலிருந்து ஏறி வரட்டும் என்று தீர்த்துவிட்டன. ரேஞ்சர்ஸ் ரசிகர்களையும் இங்கே பாராட்ட வேண்டும். தங்கள் கழகம் மேலிருந்து நான்காம் படியில் ஆடிய முதல் சொந்த மைதான லீக் போட்டிக்கு 49,118 பேர் வந்தார்கள். 2016இல் அந்தக் கழகம் ஏறி மேலே வந்து சேர்ந்தது. சீரழியும் என்று சொன்ன ஆட்டம் சீரழியவில்லை.

இதில் ரசிகர்கள் எப்படி வென்றார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலை மாதம் அங்கே பருவத்துக்கும் பருவத்துக்கும் இடைப்பட்ட காலம். சீசன் டிக்கெட் விற்கிற நேரம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ரசிகனிடம் கை நீட்டிக் கழகம் காசு வாங்குகிற நேரம். சரியாக அந்த நேரத்தில் கேள்வியும் வந்தது. ஒவ்வொரு கழகமும் என்ன வாக்களித்தது என்பதும் வெளிச்சத்தில் இருந்தது. முன்கூட்டிக் கொடுக்கிற காசு, கொடுக்கிற நேரம், வெளிப்படையான வாக்கு. இந்த மூன்றையும் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அடுத்தது உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்த கதை. 2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஐரோப்பாவின் 12 பெரிய கழகங்கள் சேர்ந்து "சுப்பர் லீக்" என்று தனியாக ஒன்றை அறிவித்தன. இங்கிலாந்திலிருந்து மன்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி உள்ளிட்ட 6. ஸ்பெயினிலிருந்து ரியல் மட்ரிட், பார்சிலோனா உள்ளிட்ட 3. இத்தாலியிலிருந்து 3. மொத்தம் 20 இடம், அதில் 15 இடம் நிரந்தரம். தோற்றாலும் இறங்க வேண்டியதில்லை. ஜெயித்து மேலே வர நினைக்கிற சின்னக் கழகத்துக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியாகிவிட்டது.

இரண்டு நாள்தான். 20ஆம் திகதி மாலை செல்சி மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் வீதியை மறித்தார்கள். வீரர்களின் பஸ் உள்ளே போக முடியவில்லை. கழகத்தின் பழைய கோல் காப்பாளர் பீட்டர் செக் இறங்கி வந்து, வழி விடுங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அன்று இரவுக்குள் இங்கிலாந்தின் 6 கழகங்களும் பின்வாங்கிவிட்டன. மே 2ஆம் திகதி மன்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் தங்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்தார்கள். லிவர்பூலுடனான ஆட்டம் அன்று நடக்கவில்லை.

அந்தப் படங்களைப் பார்த்தபோது எல்லோருக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். ரசிகர்கள் மட்டும் அதை நிறுத்தவில்லை. ஐரோப்பியச் சம்மேளனம் தடை போடுவேன் என்றது. பிரித்தானிய அரசாங்கம் சட்டம் கொண்டுவருவேன் என்றது. வீரர்களே வாய் திறந்து எதிர்த்தார்கள். எல்லாம் ஒன்றுகூடிய இரண்டு நாள் அது. இன்னொன்றையும் பாருங்கள். யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்ட முதலாளிமார் மறுநாளும் முதலாளிமாராகவே இருந்தார்கள். மன்னிப்புக் கேட்டார்கள், கதிரையை விட்டு எழும்பவில்லை. வீதிக்கு வந்தவர்களால் ஒரு தவறைத் தடுக்க முடிந்தது. அடுத்த முடிவில் உட்கார்ந்து பேச அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு விசாரணை, ட்ரேசி க்ரௌச் என்பவர் தலைமையில் ஓர் அறிக்கை, நாலு வருட இழுபறி எல்லாம் தேவைப்பட்டன. 2025 ஜூலையில்தான் இங்கிலாந்தில் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. இனி இப்படிப்பட்ட பிரிவினை லீக்கில் கழகங்கள் சேர்வதைத் தடுக்க ஓர் ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருக்கிறது. கழகத்தின் சின்னத்தையோ உடையின் நிறத்தையோ மாற்ற வேண்டுமானால் ரசிகர்களில் பெரும்பான்மையோர் ஏற்க வேண்டும்.

அந்த 12 கழகங்களில் ஒரு ஜேர்மன் கழகமும் இல்லை. பயர்ன் மியூனிக்கும் டோர்ட்மண்டும் சேரவில்லை. அங்கே முதலாளிமார் நல்லவர்களா? அப்படியில்லை. 1998 முதல் அங்கே ஒரு விதி இருக்கிறது. ஐம்பதும் ஒன்றும் என்பார்கள். கழகத்தின் ஆட்டத்தை எந்தக் கம்பெனி நடத்தினாலும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒன்று உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். ஓரிரண்டு விதிவிலக்கு உண்டு. ஆனால் பொதுவாக, சந்தா கட்டுகிற ரசிகன் அங்கே உறுப்பினன். அவனைக் கேட்காமல் போனால் அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவருக்கு வேலை இருக்காது. வீதிக்கு வர வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். ஏனென்றால் அங்கேயும் ஓட்டை இருந்தது. 2023 டிசம்பரில் ஜேர்மன் லீக், தன் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்கலாமா என்று தன் 36 கழகங்களிடம் வாக்குக் கேட்டது. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 வாக்கு வேண்டும். சரியாக 24 விழுந்தது. ஒன்று குறைந்திருந்தால் தோல்வி. ஹனோவர் என்ற கழகத்தின் உறுப்பினர் சங்கம், தன் சார்பில் வாக்களிக்கப் போனவருக்கு "வேண்டாம் என்று போடுங்கள்" என்று கட்டளை கொடுத்திருந்தது. வாக்கெடுப்போ இரகசியம். அவர் என்ன போட்டார் என்று அவர் சொல்லவில்லை. எதிர்த்த கழகங்கள் வெளியே சொன்ன கணக்கைக் கூட்டிப் பார்த்தவர்கள் அவரையே சந்தேகித்தார்கள். நாடு முழுதும் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. உறுப்பினருக்கு வாக்கு இருந்தது. அவர்கள் அனுப்பிய ஆள் உள்ளே போய் என்ன செய்தார் என்று தெரியாதபோது அந்த வாக்கு பயன்படவில்லை. நம் ஊருக்கு வரும்போது இந்த ஹனோவர் கதையை மறந்துவிடாதீர்கள்.

இந்தியாவுக்கு வருவோம். கொல்கத்தாவின் மோகன் பகான் 1889இல் தொடங்கிய கழகம். 1911இல் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் எடுத்தவர்கள். இந்தியாவில் 2014இல் ஐ.எஸ்.எல். என்ற லீக் வந்தது. காசு கட்டி இடம் வாங்குகிற லீக். பழைய ஐ-லீக்கில் ஜெயித்தவனுக்கு அப்போது அதில் தானாக இடம் இருக்கவில்லை. ஆகவே மோகன் பகான், ஐ-லீக் சம்பியனாகப் போகிற அதே பருவத்தில், 2020 ஜனவரியில், ஐ.எஸ்.எல். கழகமான ஏ.டி.கே.யின் முதலாளிக்குத் தன் உதைபந்தாட்டக் கம்பெனியில் 80 சதவீதத்தைக் கொடுத்தது. பெயர் "ஏ.டி.கே. மோகன் பகான்" ஆயிற்று.

பச்சையும் மெரூனும் கலந்த உடை நிலைத்தது. படகுச் சின்னம் நிலைத்தது. ஆனால் முன்னால் ஒட்டிக்கொண்ட அந்த மூன்று எழுத்தை ரசிகர்களால் பொறுக்க முடியவில்லை. "ஏ.டி.கே.யை எடு" என்று மைதானத்திலும் வீதியிலும் மூன்று வருடம் விடாமல் கேட்டார்கள். 2023 மார்ச்சில் கிண்ணம் வென்ற இரவிலேயே முதலாளி சஞ்சீவ் கோயங்கா பெயரை மாற்றுவதாக அறிவித்தார். இன்று அது மோகன் பகான் சுப்பர் ஜயன்ட். ரசிகர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. 80 சதவீதம் திரும்பக் கிடைக்கவில்லை. லீக்கில் எப்படிச் சேர்வது என்ற முடிவு எடுக்கப்பட்டபோது அவர்கள் அறைக்கு வெளியே நின்றார்கள். பிறகு உள்ளே வந்து திருத்த முடிந்தது பெயர்ப்பலகையை மட்டும்தான்.

பக்கத்திலேயே ஈஸ்ட் பெங்கால். அவர்களும் அதே 2020இல் ஒரு சிமெந்துக் கம்பெனியைக் கூட்டுச் சேர்த்து ஐ.எஸ்.எல்.லுக்குள் போனார்கள். இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் உறுப்பினர் உரிமை பறிபோகும் என்று கழக நிர்வாகம் மறுத்தது. கையெழுத்துப் போடாவிட்டால் லீக்கே பறிபோகும் என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் பயந்தார்கள். 2021 ஜூலையில் கழக வாசலில் ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பொலிஸ் தடியடி நடத்தியது. ரசிகர்கள் எப்போதும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த வாசலைக் காட்ட வேண்டும். கருத்து வேறுபாட்டை எண்ணித் தீர்க்க ஒரு வழி இல்லாவிட்டால் அது தடியில்தான் தீரும்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு கதை உண்டு. சென்னை சிட்டி கழகம் கோயம்புத்தூர் நேரு மைதானத்தைத் தாய்வீடாக வைத்துக்கொண்டு ஆடியது. 2019 மார்ச் 9ஆம் திகதி அங்கே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சம்பியன் ஆனது. மேலே போக வழி இருக்கவில்லை, ஏனென்றால் மேல் லீக் அப்போது காசு கட்டி வாங்குகிற இடம். இரண்டே வருடத்தில் பட்டியலின் கீழ்ப் பாதி, பிறகு ஆளையே காணோம். கோயம்புத்தூரில் மைதானம் நிறைந்த கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்குக் கழகத்தில் ஓர் அங்குலம் சொந்தமில்லை. அதனால் கழகம் விழும்போது தாங்கிப் பிடிக்க அவர்களுக்கு ஒரு கைப்பிடியும் இருக்கவில்லை.

தாங்கிப் பிடித்தவர்கள் யார் என்றால் இங்கிலாந்தின் விம்பிள்டன் ரசிகர்கள். 2002இல் அவர்கள் கழகத்தை வேறு நகரத்துக்கு இடம் மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் மனுப் போட்டார்கள், மறியல் செய்தார்கள், தோற்றார்கள். தோற்றவர்கள் அதே வருடம் தாங்களே ஒரு கழகம் தொடங்கி, ரசிகர் சங்கத்தின் கையிலேயே உரிமையை வைத்துக்கொண்டு, அடிமட்ட லீக்கிலிருந்து ஆடினார்கள். 2011இல் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக்குக்குள் வந்துவிட்டார்கள். 2020இல் தங்கள் பழைய தெருவிலேயே புதிய மைதானமும் கட்டிவிட்டார்கள்.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இலங்கையில் கழகம் மாவட்ட லீக்கில் உறுப்பினர். லீக் சம்மேளனத்தில் உறுப்பினர். சம்மேளனம் ஃபீஃபாவில் உறுப்பினர். மேலே இன்னொரு பக்கத்தில் விளையாட்டு அமைச்சு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அதன் கையில் இருக்கிறது. 2023 ஜனவரியில் சம்மேளனத் தேர்தலை வைத்து மேலே நடந்த இழுபறியில், வெளித் தலையீடு என்று சொல்லி ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் அது நீங்கியது. இடையில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்தது. 1995இல் அதே கிண்ணத்தைக் கொழும்பில் வென்ற நாடு, பக்கத்து நாட்டில் நடந்த போட்டிக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தது.

அந்தச் சண்டையில் சரி யார், பிழை யார் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கழகத்தின் ஆள் லீக்கில் வாக்களிக்கிறார். லீக்கின் ஆள் கொழும்பில் வாக்களிக்கிறார். அந்த வாக்கு யாரைக் கேட்டுப் போடப்படுகிறது? நம் கழகத்திலிருந்து லீக் கூட்டத்துக்குப் போனவர் போன முறை யாருக்குக் கை தூக்கினார் என்று இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹனோவர் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்தோம். மூன்று லயம் தள்ளித்தான் இருக்கிறது.

2021இல் இங்கே 10 கழகங்களோடு சுப்பர் லீக் நடந்தது. முப்படை அணிகள் மூன்று, மற்றவை பெரும்பாலும் கொழும்பும் கரையோரமும். மலைநாட்டுக்கு நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் ஒன்றுதான். ஊவாவிலிருந்து ஒன்றும் இல்லை. திறமை இல்லை என்று யாரும் சொல்லட்டும் பார்க்கலாம். சரிவில் ஓடி ஓடி வளர்ந்த காலுக்குத் திறமை இல்லாமல் போகுமா?

குறை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு தோட்டத்துக் கழகத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கழகச் செயலாளர் ஒரு எண்பது பக்கக் கொப்பியோடு லயம் லயமாக ஏறி இறங்குகிறார். கொப்பியில் கோடு போட்டு, மேட்டு லயம் ஒரு பக்கம், பணிய லயம் ஒரு பக்கம். காம்பரா இலக்கம், பெயர், தொகை. கொழுந்து எடுக்கிற அக்கா சேலை முடிச்சை அவிழ்த்து நூறோ இருநூறோ கொடுக்கிறார். "போன முறை எங்க பையன ஆடவே விடல்லயே" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுக்கிறார். கொழும்பில் கடையில் நிற்கிற தம்பி, ஊருக்கு வருகிறவரிடம் காசு கொடுத்துவிட்டிருக்கிறான். அவன் பெயருக்கு எதிரே "கொழும்பு" என்று எழுதிக்கொள்கிறார். அந்தக் காசில்தான் பந்து, ஜேர்சி, வின்சன்ட் டயஸ் மைதானத்துக்குப் போக வான் கூலி எல்லாம்.

ஸ்கொட்லாந்துக்காரனின் சீசன் டிக்கெட் என்றேனே, நம்மிடம் அது இந்தக் கொப்பிதான். ஆட்டத்துக்கு முன்பே கொடுக்கிற காசு. வித்தியாசம் ஒன்று. அவனுக்குத் தான் கொடுக்கிற காசின் பலம் தெரியும். நாமோ கொப்பி முடிந்ததும் அதை அடுப்படிப் பரணில் போட்டுவிடுகிறோம்.

சரி, லீக்கில் சேர்வதா என்ற கேள்வி கழகத்துக்கு வருகிறது. பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். வீரர்களைப் பதிய வேண்டும். மாதக்கணக்கில், வாரா வாரம், பதினொரு பேரையும் மேலதிகமாகச் சிலரையும் திரட்ட வேண்டும். நம்முடைய நல்ல ஆட்டக்காரனில் பாதிப் பேர் கொழும்பில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார்கள். அப்போது ஏழு பேர் அணிச் சுற்றுப்போட்டி நடத்தினால் தோட்டமே திரண்டு வரும். லீக்கில் சேர்ந்தால் அவர்கள் இல்லாமல், பதினாறு பதினேழு வயதுப் பையன்களை வைத்து ஆட வேண்டும். முதல் இரண்டு வருடம் தோற்போம். ஆனால் அந்தப் பையன்கள் மத்தியஸ்தரின் விசிலுக்கு ஆடப் பழகுவார்கள்; தெரிவாளர் கண்ணில் படுவார்கள். திருவிழாக் கிண்ணமா, லீக்கா? இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. இது உண்மையான தேர்வு. காசு கொடுக்கிற தோட்டம் முழுவதும் உட்கார்ந்து பேச வேண்டிய தேர்வு.

நடப்பது என்ன? தலைவர், செயலாளர், பொருளாளர், ஜேர்சி வாங்கித் தருகிற ஒரு பெரிய மனிதர், நாலு பேர் ஒரு மாலையில் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஜேர்சி தருகிறவர் சில நேரம் தேர்தல் கேட்கிறவர். கழகத்தின் பெயருக்கு முன்னால் தன் பெயரையும் ஒட்டச் சொல்வார். தோட்டத்து மைதானமோ கம்பெனியின் குத்தகைக் காணியில் இருக்கிறது. துரையின் கடிதம் இல்லாமல் கம்பம் நட முடியாது. இத்தனை பேருக்கும் முடிவில் பங்கு உண்டு. கொப்பியில் பெயர் உள்ளவருக்கு மட்டும் இல்லை.

காசு கட்டி, உழைத்து, வாக்கில்லாமல் நிற்பது என்றால் என்ன என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள்; பதுளைத் தொகுதியிலிருந்து எஸ்.எம். சுப்பையா போனார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. அந்த உரிமையை முழுதாக மீட்டெடுக்க நமக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. அப்படிப்பட்ட சனம், தன் கையால் நடத்துகிற சின்னக் கழகத்தில், தன் தாய்க்கும் அக்காவுக்கும் வாக்கில்லாமல் வைத்திருக்கலாமா?

ஆகவே நாலு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, கொப்பியை உறுப்பினர் இடாப்பாக மாற்றுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து சந்தா கொடுத்தவர், பதினாறு வயது தாண்டியவர், ஆணோ பெண்ணோ, தோட்டத்தில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும், உறுப்பினர். வீட்டுக்கு ஒன்று என்று வைக்காதீர்கள், ஆளுக்கு ஒன்று. வீட்டுக்கு ஒன்று என்றால் அது ஆம்பிளையின் வாக்காகத்தான் போகும்.

இரண்டு, இந்த மூன்று விஷயங்களைச் செயற்குழு தனியாகத் தீர்மானிக்க முடியாது என்று யாப்பில் எழுதுங்கள். லீக்கில் சேர்வது அல்லது விலகுவது. பெயர், நிறம் மாற்றுவது அல்லது வேறு கழகத்தோடு இணைவது. நிபந்தனையோடு வருகிற காசை வாங்குவது. இவற்றுக்கு இரண்டு வாரம் முன்பே அறிவித்த பொதுக்கூட்டம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. மோகன் பகான் ரசிகன் மூன்று வருடம் கத்தி வாங்கியதை நீங்கள் ஒரு வரியில் முன்கூட்டியே வாங்கிவிடலாம்.

மூன்று, லீக் கூட்டத்துக்குப் போகிறவர் எழுத்தில் கட்டளையோடு போகட்டும். திரும்பி வந்து, என்ன வாக்களித்தேன் என்று அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று சொல்லட்டும். சொல்லாதவரை அடுத்த முறை அனுப்பாதீர்கள்.

நாலு, வரவு செலவைப் பிரட்டுக்களத்திலோ கோயில் வாசலிலோ ஒட்டுங்கள். கணக்குத் தெரியாதவன் போடுகிற வாக்கு கண்ணைக் கட்டிக்கொண்டு அடிக்கிற பெனால்டி மாதிரி; போனால் போகும்.

இரண்டு ஆட்சேபணை வரும். சனத்திடம் எல்லாவற்றையும் கேட்டால் பயிற்றுநருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம். யார் ஆடுவது, யாரை உட்கார வைப்பது என்பதில் ரசிகனுக்கு வாக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் ஒவ்வொரு அம்மாவும் தன் மகனைத்தான் முன்வரிசையில் விடுவார். அதுபோல மத்தியஸ்தரின் தீர்ப்பும் வாக்குக்கு அப்பாற்பட்டது. நான் கேட்பது கழகம் எங்கே நிற்பது, யாரோடு நிற்பது என்ற முடிவில் மட்டும்.

இரண்டாவது ஆட்சேபணை இதைவிடக் கனமானது. மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் ஒத்துப்போகாது. ஒரு சங்கத்துக்காரர் சொன்னால் மற்றச் சங்கத்துக்காரர் எதிர்ப்பார். கூட்டம் வைத்தால் சண்டைதான் மிஞ்சும் என்பீர்கள். சண்டை வரும். ஈஸ்ட் பெங்கால் வாசலில் வந்தது போலவே வரும். ஆனால் அங்கே எண்ண முடியாத கூட்டம் வாசலில் நின்றது. இங்கே எண்ணக்கூடிய உறுப்பினர் ஒரு மண்டபத்துக்குள் இருப்பார்கள். தோற்ற பக்கத்துக்கு ஒரு கணக்காவது தெரியும்: இத்தனை வாக்கில் தோற்றோம், அடுத்த வருடம் இத்தனை பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று. லீக்கில் சேராமல் திருவிழாக் கிண்ணத்தோடு நிற்போம் என்று உங்கள் தோட்டம் தீர்மானித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நாலு பேர் தீர்மானித்து, மற்றவர்கள் காசு மட்டும் கொடுத்தால்தான் வருத்தம்.

கடைசியாக ஒன்று. லீக் பதிவுக்கு விண்ணப்பம் அனுப்புகிறபோது, அதோடு பொதுக்கூட்டத் தீர்மானத்தின் பிரதியையும், எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்ற எண்ணிக்கையையும் இணைத்து அனுப்புங்கள். லீக் கேட்காது. கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். ஒரு கழகம் அனுப்பினால் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். பத்துக் கழகம் அனுப்பினால் பதினோராவது கழகத்திடம் "உன்னுடையது எங்கே" என்று அவர்களே கேட்பார்கள். இந்த மண்டபத்தில் பத்துக் கழகத்துக்கு மேல் வந்திருக்கிறீர்கள். தேநீர் குடித்துவிட்டு அந்தப் படிவத்தை இன்றைக்கே எழுதிவிடலாம். பேனை நான் கொண்டுவந்திருக்கிறேன்.